வரிசையில் காத்திருக்கும் கடன்: ஊரக மின் கூட்டுறவுகளின் விண்ணப்பத் தேக்கம் குறித்து உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பதிவு: திட்டப் பொறியாளர், அமெரிக்க மத்திய மேற்கு

கூட்டுறவு மின் சங்கங்களுக்குப் பணித்திட்டமும் கடன் விண்ணப்பமும் தயாரித்துத் தரும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் ஊரகப் பயன்பாட்டுச் சேவை முகமை இச்சங்கங்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்குகிறது. எங்கள் வட்டாரத்தில் அதை ஆர்.யூ.எஸ். என்றே சொல்வோம். அங்கே விண்ணப்பங்கள் தேங்குவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வாஷிங்டனில் கோப்பு நகரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் கையாண்ட கோப்புகளை வைத்துச் சொல்வதானால், தாமதத்தின் பெரும்பகுதி கோப்பு வாஷிங்டனை எட்டுவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது.

இந்தக் கடனின் அருமையை உணர ஒரு கணக்குப் போதும். நாடு முழுவதும் ஏறத்தாழ 900 மின் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஒரு மைல் மின்பாதைக்கு அவற்றுக்குச் சராசரியாக எட்டு நுகர்வோர்தான் கிடைக்கிறார்கள். நகரங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனங்களுக்கு அதைப்போல் பல மடங்கு. அந்த எட்டுப் பேர் கட்டும் கட்டணத்திற்குள் கம்பம், கம்பி, மின்மாற்றி, பராமரிப்பு ஊழியர் என அனைத்தும் அடங்க வேண்டும். ஆகவே வட்டி சிறிது கூடினாலும் அது நேராகப் பண்ணை வீட்டின் மின்கட்டணத்தில் வந்து நிற்கும்.

வரிசையில் நிற்பதன் ஆபத்து இத்திட்டத்தின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1935இல் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் இருந்தது. நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நோரிசும் டெக்சாசின் சாம் ரேபர்னும் முன்னின்று கொண்டுவந்த 1936ஆம் ஆண்டு ஊரக மின்மயச் சட்டம் கடனுக்கு வழி திறந்தது. 1944இல் வட்டி 2 விழுக்காடு என்றும் தவணைக்காலம் 35 ஆண்டுகள் என்றும் நிலைபெற்றது. மலிவான கடனுக்குத் தேவை பெருகியதால், அரசுப் பணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று சங்கங்களே கூடி 1969இல் தமக்கென ஒரு நிதிக் கழகத்தை அமைத்துக்கொண்டன. அது எவ்வளவு தொலைநோக்கான முடிவு என்பது மூன்றே ஆண்டுகளில் தெரிந்தது. 1972 டிசம்பர் 29 அன்று நிக்சன் நிர்வாகம் 2 விழுக்காட்டுக் கடனை நிறுத்துவதாக அறிவித்தது. 1973 மே மாதம் நாடாளுமன்றம், திரும்பி வரும் தவணைகளையே மீண்டும் கடனாகக் கொடுக்கும் சுழல் நிதி ஒன்றை உருவாக்கித் திட்டத்திற்கு மறுவாழ்வு கொடுத்தபோது, பெரும்பாலான சங்கங்களுக்கு வட்டி 5 விழுக்காடு ஆகியிருந்தது. பழைய வட்டியைக் கணக்கிட்டுத் திட்டம் தீட்டிக் காத்திருந்த சங்கங்கள் தங்கள் நிதிக் கணிப்பைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அடுத்த பெருந்தேக்கம் 1990களின் பிற்பகுதியில் நேர்ந்தது. 1993ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பழைய நிலையான வட்டியைப் பெருமளவு கைவிட்டு, நகராட்சிப் பத்திரங்களின் வட்டியை ஒட்டிய கடனைக் கொண்டுவந்தது. மிகவும் நலிந்த பகுதிகளுக்கு மட்டும் 5 விழுக்காட்டு இடர்க்காலக் கடன் நீடித்தது. நகராட்சி வட்டிக் கடனுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கிய தொகையைவிட விண்ணப்பங்கள் மிகுந்ததால் வரிசை நீண்டது. 2001 நிதியாண்டில் அரசுக் கருவூலம் தான் கடன் வாங்கும் வட்டியை ஒட்டிய கருவூல வட்டிக் கடன் என்னும் புதிய வகை தொடங்கப்பட்டதற்கு இந்தத் தேக்கத்தைக் குறைப்பதே முதன்மையான நோக்கம். என் பார்வையில் இது மிகச் சிறந்த நிர்வாக முடிவு. அரசுக்கு மானியச் செலவு மிகக் குறைவான ஒரு கடன் வகையை அருகிலேயே திறந்து வைத்ததால், சற்றுக் கூடுதல் வட்டியை ஏற்று விரைவாகப் பணம் பெற விரும்பியவர்கள் அந்தப் பக்கம் நகர முடிந்தது. அதே ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு அலுவலர்களை விரட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

இனி என் மேசைக்கு வருகிறேன். விண்ணப்பங்களை அவை முழுமையாக வந்து சேர்ந்த தேதியின் வரிசைப்படி பரிசீலிக்க வேண்டும் என்பது பொது விதி. "முழுமையாக" என்ற அந்தச் சொல்லைச் சங்கங்கள் கவனிப்பதே இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று இல்லாமல் டோக்கன் மட்டும் வாங்கி வைத்திருப்பவரைப் போல, கோப்பை அனுப்பிய நாளிலிருந்தே தங்கள் காத்திருப்பை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். மின்தேவை முன்கணிப்பு, முகமையின் களப் பிரதிநிதி ஒப்புதல் அளித்த கட்டுமானப் பணித்திட்டம், நீண்டகால நிதிக் கணிப்பு, சூழல் அறிக்கை, இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கோப்பு வரிசைக்குள் வந்ததாகாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். செலவு மதிப்பீட்டுக்கான 740சி படிவத்தில் ஒவ்வொரு வகைப் பணிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. பழைய கம்பங்களை மாற்றும் பணிக்கு 606. சங்கம் ஒன்றின் படிவத்தில் 606க்கு எதிரே இருந்த தொகை, ஒப்புதல் பெற்ற பணித்திட்டத்தில் இருந்த தொகையைவிட அதிகமாக இருந்தது. கம்பப் பரிசோதனையில் உளுத்துப்போன கம்பங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்பட்டதால், இயக்குநர் குழு நியாயமாகவே அந்தத் தொகையை உயர்த்தியிருந்தது. ஆனால் பணித்திட்டத்திற்குத் திருத்தம் எழுதிக் களப் பிரதிநிதியிடம் கையொப்பம் வாங்க யாரும் முனையவில்லை. மற்ற தாள்கள் அனைத்தும் சரியாக இருந்தும் அந்த ஒரு வரிக்காகக் கோப்பு திரும்பி வந்தது. அதற்குள் அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

சூழல் மதிப்பாய்வும் இப்படித்தான். தொன்மைச் சின்னங்கள் குறித்து மாநிலப் பாதுகாப்பு அலுவலகம் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு; பழங்குடியினரின் கருத்தையும் கேட்க வேண்டும். இந்தக் கடிதங்களைப் பணித்திட்டம் வரைவில் இருக்கும்போதே தயார்செய்யத் தொடங்கலாம். எல்லாம் முடிந்த பிறகு தொடங்குவோருக்கு ஒரு பருவமே கைநழுவிப் போகிறது. ஒப்புதல் வரும் முன் அவசரப்பட்டுக் கட்டினாலோ, அந்தப் பணி கடனில் சேராமல் போய்விடக்கூடும்.

வரிசையைத் தாண்டி முன்னுரிமை பெறவும் விதியில் இடமுண்டு: பெரும் புயலுக்குப் பின் மின்சாரத்தை மீட்பது, கடுமையான பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வது, புதிதாக விதிக்கப்பட்ட சூழல் கட்டுப்பாடுகளுக்கு இணங்குவது, சங்கங்கள் இணைவது போன்ற நிலைகளில் அதைக் கோரலாம். வேறோர் ஊரில் புயல் அடித்ததால் தம் கோப்பு பின்தங்கியதே என்று வருந்தும் மேலாளர்களிடம், அடுத்த புயல் எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது என்பதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வதுண்டு.

இரண்டாம் பதிவு: நிதி அலுவலர், தென் மாநிலக் கூட்டுறவுச் சங்கம்

ஐயா அவர்கள் விண்ணப்பத்தின் முன்வாசலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடன் ஒப்புதலான பிறகும் ஒரு தேக்கம் உண்டு என்பதையும், அது பெரும்பாலும் எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே உருவாகிறது என்பதையும் நான் சேர்க்க விரும்புகிறேன்.

கடன் ஒப்புதலான மறுநாளே பணம் கைக்கு வந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். நடைமுறையில் நாங்கள் முதலில் எங்கள் பணத்திலோ இடைக்காலக் கடனிலோ வேலையை முடிக்கிறோம். முடிந்த பணி ஆணைகளை 219 படிவத்தில் பட்டியலிட்டுச் சான்றளிக்கிறோம். அதன் பிறகே செலவான தொகையைக் கோரிப் பெறுகிறோம். களத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, வீட்டுக்கு மின்சாரமும் கொடுத்து முடித்திருப்பார்கள். ஆனால் எத்தனை கம்பம், எந்த வகை மின்மாற்றி, கழற்றிய பழைய பொருள் என்ன என்று குறித்த களத்தாள் அலுவலகத்துக்கு வந்து சேராமல், லாரியின் முன்பலகையிலோ மேற்பார்வையாளரின் கோப்புறையிலோ கிடக்கும். அந்தத் தாள் வராதவரை பணி ஆணையை முடித்துவைக்க முடியாது. பணி ஆணை முடியாதவரை கடன் பணத்தைக் கோர முடியாது. அவ்வாறு கோரப்படாத பணம் குவிந்துகொண்டே போனால், அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, "ஏற்கெனவே ஒப்புதலான தொகையே எடுக்கப்படாமல் இருக்கிறதே" என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

காத்திருப்பின் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகிர்மானச் சங்கம் ஒன்று தன் வட்டிச் செலவைப் போல் குறைந்தது 1.25 மடங்கு ஈட்டியிருக்க வேண்டும் என்பது கடன் நிபந்தனைகளில் ஒன்று. அண்மைய மூன்று ஆண்டுகளில் சிறந்த இரண்டின் சராசரியை அதற்குக் கணக்கில் கொள்கிறார்கள். அரசுக் கடன் தாமதமாகும்போது நாங்கள் வங்கியில் எடுத்து வைத்திருக்கும் குறுகியகாலக் கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகிறது, அந்த வட்டி இதே விகிதத்தைக் கீழே இழுக்கிறது. அதாவது, வரிசையில் நிற்பதே அந்த வரிசையில் நிற்கும் தகுதியைக் குறைக்கத் தொடங்குகிறது. பெரிய சங்கங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். சில ஆயிரம் மின்மீட்டர்கள் மட்டுமே உள்ள சங்கம் கட்டணத்தை உயர்த்த நேரிடும். அப்படி உயர்த்துவதற்கு வாக்களிக்கும் இயக்குநர்களும் அந்தக் கட்டணத்தையே கட்டப்போகும் விவசாயிகள்தாம் என்பதால், அந்தக் கூட்டங்கள் எனக்கு மிகுந்த வேதனை தருபவை.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் கூட்டாட்சி அரசின் ஒரு பகுதி முடங்கியபோது, வேளாண் துறையும் அதில் அடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் எங்களைத் தாங்கிப் பிடித்தது, முன்கூட்டியே முகமையின் அனுமதியுடன் பெற்று வைத்திருந்த இடைக்காலக் கடன் ஏற்பாடு. அந்த அனுமதியை வேலை தொடங்குவதற்கு முன்பே பெறுவது அவசியம். தனியார் கடனளிப்பவருக்கு அரசுடன் சமமான பிணையுரிமை தேவைப்பட்டால் அதற்கும் முகமை இசைய வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு கோப்பும் உண்டு. நெருக்கடி வந்த பிறகு கேட்பவர்களுக்கு அது உதவாது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. மின்மாற்றிகளின் விலையும் அவை வந்து சேரும் காலமும் 2021க்குப் பிறகு எங்கேயோ போய்விட்டன. இந்த நிலையில் நான்கு ஆண்டுக்கான கடனைச் சேர்த்துக் கேட்பது நல்லதா, இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கேட்பது நல்லதா?

மூன்றாம் பதிவு: ஓய்வுபெற்ற செயற்பொறியாளர், இந்தியா

சகோதரி குறிப்பிட்ட அந்தப் பின்வாசல் தேக்கம்தான் என் பணிக்காலம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்தது என்பதால் எழுதுகிறேன். ஊரக மின் திட்டங்களுக்குக் கடன் தரும் எங்கள் ஊரக மின்மயக் கழகம் 1969 ஜூலையில் தொடங்கப்பட்டது; தொடக்கக் காலத்தில் அமெரிக்கக் கூட்டுறவுகளின் தேசியச் சங்கம் தந்த ஆலோசனையுடன் அன்றைய ஆந்திரத்தின் (இன்றைய தெலங்கானாவின்) சிர்சில்லா, கர்நாடகத்தின் உக்கேரி உள்ளிட்ட ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுகள் உருவாயின. உறவு அத்தனை பழையது. ஆனால் எங்கள் பிற்காலத் திட்டங்களில் கடன் சிறிதாகவும் மானியம் பெரிதாகவும் இருந்தது. 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி ஊரக மின்மயத் திட்டத்தில் 90 விழுக்காடு மானியம், 10 விழுக்காடு கடன். 2014 டிசம்பரில் வந்த தீன்தயாள் ஊரக மின் திட்டத்தில், சிறப்புப் பிரிவில் சேராத பொதுவான மாநிலங்களுக்கு 60 விழுக்காடு மானியம், 10 விழுக்காடு சொந்தப் பங்கு, 30 விழுக்காடு கடன். குறித்த காலத்தில் பணியை முடிப்பது போன்ற இலக்குகளை எட்டினால் அந்தக் கடனில் பாதி மானியமாக மாறும்.

அந்தப் பாதியைப் பெறுவதற்கு நிறைவு அறிக்கை வேண்டும். வட மாநிலம் ஒன்றில் அந்த அறிக்கைகளுக்கான களச் சரிபார்ப்பில் நான் ஈடுபட்டிருந்தேன். ஊர் ஊராகச் சென்று, ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கும் மின்மாற்றியின் வரிசை எண்ணையும் கம்பத்தின் மேல் இருக்கும் மின்மாற்றியின் வரிசை எண்ணையும் ஒப்பிட வேண்டும். எரிந்துபோன மின்மாற்றியைக் கழற்றி வேறொன்றை மாட்டியிருப்பார்கள். மக்களுக்கு மின்சாரம் கிடைத்திருக்கும், ஆனால் எண் பொருந்தாது. ஒரு மாவட்டத்தின் கணக்கு முழுவதும் இப்படிச் சில எண்களுக்காக மூடப்படாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மின்மாற்றியை மாற்றும் அன்றே அந்த எண்ணைக் குறித்து வைக்கும் ஏற்பாடு இருந்த கோட்டங்களில் கணக்குகள் விரைவாக முடிந்தன.

முதல் பதிவரின் மறுமொழி

சகோதரியின் கேள்விக்கு என் கருத்து: சிறிய சங்கமாக இருந்தால் நான்கு ஆண்டுக் கடனையே பரிந்துரைப்பேன். விண்ணப்பங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைவது உங்களுக்கும் நல்லது, உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் நல்லது. விலை ஏற்றத்தால் மதிப்பீடு போதாமல் போகும் என்ற அச்சம் சரியானதுதான். ஆனால் பணித்திட்டத்தில் உள்ள பணிகளுக்கு இடையே தொகையைத் திருத்தி அமைக்கக் களப் பிரதிநிதியின் ஒப்புதலைப் பெறுவது, புதிதாக ஒரு கடன் விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து தயாரிப்பதைவிட மிகவும் எளிது. பெரிய துணை மின்நிலையம் ஒன்று இன்னும் முடிவாகாமல் இருந்தால் மட்டும் அதைத் தனியே பிரித்து அடுத்த கடனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துணை மின்நிலையத்தின் நிலம் வாங்கும் சிக்கலுக்காக நூற்றுக்கணக்கான கம்பங்களின் கடனைக் காக்க வைக்க வேண்டாம்.

மின்கூட்டுறவுகளின் தூய ஆற்றல் முதலீடுகளுக்காக 2022ஆம் ஆண்டுப் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் ஒதுக்கிய 970 கோடி டாலருக்கு இதே முகமையிடம் வந்த விருப்பக் கடிதங்கள் அந்தத் தொகையை வெகுவாக விஞ்சின. எனவே வழக்கமான பகிர்மானக் கடன் கோப்பைத் தயாரிப்பவர்கள் தங்கள் பங்கில் ஒரு தாளும் குறையாமல் பார்த்துக்கொள்வது முன்பைவிட அவசியம். 740சி படிவத்தையும் பணித்திட்டத்தையும் குறியீட்டு எண் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்க நான் பயன்படுத்தும் அட்டவணையைச் சங்கத்தின் பெயரை நீக்கி இங்கே இணைக்கிறேன். பணி ஆணைகளை முடித்துவைப்பதற்குச் சகோதரி வைத்திருக்கும் அட்டவணையையும் அதனுடன் சேர்த்தால், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்.