சிக்கலா, சிக்கா? சி901 எச்சரிக்கைக்கு ஒரு தமிழ்ச்சொல்

தண்டையார்பேட்டையிலிருந்து:

மென்பொருள் தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் மாலை வகுப்பில் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பைத்தான் நிரல்மொழி படிக்கிற பையன்களுக்கு, நிரலைப் படித்துக் குறை காட்டும் ஃபிளேக்8 கருவியை ஓட்டிக் காட்டினேன், நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் செய்திகளோடுதான். ஒரு பையன் மீன் ஏலக் கணக்குக்கு எழுதிய நிரலில் சி901 விழுந்தது, பிரியும் வழிகள் மிகுந்துவிட்டன என்ற எச்சரிக்கை. திரையில் வந்த வரி: "ஏலம்: சிக்கல்தன்மை மிகுதி, 14". அவன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். "சார், சிக்கல்னு சொல்லுது. இன்னா சிக்கல்னு சொல்ல மாட்டுதே?" என்றான். பக்கத்தில் இருந்தவன், "பதினாலு சிக்கல் கீதுடா, தேடு" என்றான். அரை மணி நேரம் இருவரும் பதினான்கு வழுக்களை (பக்) தேடினார்கள். அந்த நிரலில் ஒரு வழுவும் இல்லை. விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது.

பையன்கள் மேல் தப்பில்லை, சொல்தான் தப்பு. சிக்கல் என்றால் இன்றைக்குப் பிரச்சினை என்றுதான் காதில் விழுகிறது. பணச்சிக்கல், குடும்பச் சிக்கல், மலச்சிக்கல். பின்னால் 'தன்மை'யை ஒட்டிவிட்டால் மட்டும் அது வேறு பொருள் தந்துவிடாது.

அந்தப் பதினான்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், சொல் தேடுகிறவர்களுக்கு உதவும். 1976-இல் தாமஸ் மெக்கேப் வகுத்த கணக்கு இது. ஒரு செயற்கூறை (ஃபங்ஷன்) ஓட்டப்படமாக வரைந்தால் கோடுகளும், அவை சேரும் கணுக்களும் கிடைக்கும். கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து கணுக்களின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்ட வேண்டும். படம் போட நேரமில்லாதவர்களுக்குக் குறுக்கு வழி: ஒன்றிலிருந்து தொடங்கி, நிபந்தனை பார்க்கும் ஒவ்வொரு இஃப், எலிஃபுக்கும், திரும்பத் திரும்ப ஓட்டும் ஒவ்வொரு ஃபார், வொயிலுக்கும் ஒன்று கூட்டு. எல்ஸுக்குக் கூட்டாதே. பையனின் நிரலில் ஒரு ஃபார், மீன் வகைக்கு எட்டு, தரத்துக்கு மூன்று, ஐஸ் செலவுக்கு ஒன்று. மொத்தம் பதின்மூன்று, அதோடு தொடக்கத்து ஒன்று. எந்தக் கிளையும் விடாமல் சோதித்துப் பார்க்க அதிகபட்சம் அத்தனை சோதனை போதும் என்பது இந்த எண்ணின் பயன். பத்துக்கு மேல் போனால் பிரித்து எழுது என்பது மெக்கேப் சொன்ன வரம்பு.

இதன் ஆங்கிலப் பெயர் சைக்ளோமேட்டிக் கம்ப்ளெக்சிட்டி. சிலர் 'சுழற்சிச் சிக்கல்தன்மை' என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கிற பையன் ஃபார், வொயில் சுழற்சிகளை மட்டும் எண்ணுவான். எட்டு எலிஃப் வரிசையாக நிற்பதில் எங்கே சுழற்சி?

என் யோசனை 'கிளைவழி எண்'. வெட்டலாம், ஒட்டலாம்.

*

பெரம்பூரிலிருந்து:

தம்பிக்கு வணக்கம்.

'சுழற்சி' வந்ததற்குக் காரணம் உண்டு. சைக்ளோமேட்டிக் என்பது கோட்டுருவியலிலிருந்து (கிராஃப் தியரி) வந்த சொல். ஒரு கோட்டுருவில் ஒன்றையொன்று சாராத சுற்றுகள் எத்தனை என்பதுதான் அந்த எண். மெக்கேப் அதை நிரலுக்குக் கொண்டுவந்தார். ஆகவே 'சுற்றெண்' என்றால் மூலத்துக்கு நேர்மையாக இருக்கும். ஆனால் மூலத்துக்கு நேர்மையாக இருந்து பையனுக்குப் புரியாமல் போனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், என்னிடம் பதிலில்லை.

வேறு இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, ஃபிளேக்8 வகைக் கருவிக்கே நம்மிடம் பெயர் இல்லை. 'லிண்டர்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழி நிரல்களுக்கு எழுதிய கருவியின் பெயர் லிண்ட், துணியில் ஒட்டும் பிசிறு. இங்கே பி அண்ட் சி மில் ஓடிய காலத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் முடியிலும் புருவத்திலும் பஞ்சுப் பிசிறு ஒட்டியிருக்கும். வாசலிலேயே துண்டால் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். வடசென்னைக்காரனுக்குப் பிசிறு என்றால் விளக்கம் வேண்டாம். கருவி பிசிறை எடுப்பதில்லை, காட்டுகிறது. எனவே 'பிசிறுகாட்டி'.

இரண்டாவது, எச்சரிக்கையை அடக்கிவைக்க வரியின் ஓரத்தில் 'நோக்யூஏ' என்று குறிப்பு போடுகிறோமே, அதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் காத்திருக்கிறது: வழுவமைதி. பக்-ஐ 'வழு' என்று தமிழாக்கியவர்கள் பாதிவழியில் நின்றுவிட்டார்கள். வழாநிலை (பிழையில்லாதது), வழு, வழுவமைதி மூன்றும் ஒரு குடும்பம். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது, ஆகவே அமைதி. பிழைதான், காரணம் இருப்பதால் ஏற்கிறோம். நோக்யூஏ போடுகிறவனும் இதைத்தானே சொல்கிறான்?

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே துண்டை ஏழு இடத்தில் ஒட்டினால் 'கூறியது கூறல்'. அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி (வேரியபிள்) 'நின்று பயனின்மை'. பவணந்தியார் பிசிறுகாட்டிக்கு விதிப்பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

*

வியாசர்பாடியிலிருந்து:

> என் யோசனை 'கிளைவழி எண்'.

நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் மென்பொருளில் பிராஞ்சுக்குக் 'கிளை' என்று வைத்து முடித்துவிட்டோம் தோழர். கிளைவழி எண் 14 என்றால் கிட்டில் பதினான்கு கிளை திறந்திருக்கிறது என்று நினைப்பான். 'தடவெண்' என்று யாராவது ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், அது பஸ் நெற்றியில் இருக்கிறது.

*

காசிமேட்டிலிருந்து:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் இதுவரை படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

நான் வேலை செய்றது சோதனைப் பிரிவுல. எங்க ஆபீஸ்ல நிரலைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி தானியங்கிச் சோதனை ஓடும். இந்த எண் பதினஞ்சைத் தாண்டினா சேர்க்க விடாது. கொருக்குப்பேட்டை கேட் மாதிரி, மூடினா நிக்க வேண்டியதுதான். அதனால ஜனங்க என்ன பண்றாங்கன்னா, ஐயா சொன்ன வழுவமைதியை எடுத்துக் கண்ட இடத்துலயும் ஒட்டிடறாங்க. ஒரு பழைய கோப்புல பக்கத்துக்குப் பக்கம் அதுதான். காரணம்னு ஒரு வரி இல்ல. உவப்பு, உயர்வுன்னு நன்னூல்ல காரணம் கேட்குதே, அதை நாமளும் கேட்கணும். 'வழுவமைதி:' போட்டா பக்கத்துல காரணம் எழுதாம கருவி விடக்கூடாது. அந்தச் சொல் எனக்குப் பிடிச்சதே அதுக்குத்தான்.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். எங்கப்பா வலைக்காரர். கரையில உக்காந்து வலையைப் பிரிக்கறப்ப 'சிக்கு' எடுக்கறேன்னுதான் சொல்வார். நாங்க தலைமுடிக்கும் அதேதான் சொல்றோம், சிக்கெடுக்கிற சீப்பு. சிக்குன்னா யாரும் பிரச்சினைன்னு நினைக்க மாட்டாங்க. கையில தட்டுப்படற ஒண்ணு அது.

ஆனா ஒரு விஷயம். அப்பாகிட்ட சிக்கு வேற, முடிச்சு வேற. சின்ன வயசுல நான் ரெண்டையும் ஒண்ணாப் பேசினா கோபம் வரும். முடிச்சு நாம போட்டது, அது இல்லாம வலையே இல்ல, ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு வேணும். சிக்கு தானா விழுந்தது. ஆயிரம் முடிச்சு இருக்கிற வலை நல்லா விரிச்சுக் கிடந்தா தொல்லையே இல்ல. நாலே முழம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடங்கிக் கிடந்தா ஒரு காலைப்பொழுது போயிடும்.

அண்ணாவோட எண் எதை எண்ணுது? எனக்குப் பார்த்தா முடிச்சை எண்ணுது. சிக்கை எண்ணல.

*

தண்டையார்பேட்டையிலிருந்து:

தங்கச்சி, உன் மடலைப் படித்ததும் என் கிளைவழியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நீ சொன்னது அப்படியே உண்மை, எண்களை வைத்துக் காட்டுகிறேன். ஜாவா மொழியில் ஒரு சுவிட்ச் (ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றுக்கு அனுப்பும் கட்டளை), அதில் பத்து கேஸ், அதாவது பத்து வழி. மெக்கேப் கணக்கில் 11, வரம்பைத் தாண்டிவிட்டது. படிப்பவனுக்கோ அது பேருந்துப் பலகை மாதிரி, மேலிருந்து கீழே பார்த்தால் முடிந்தது. இன்னொரு பக்கம் இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். மெக்கேப் கணக்கில் வெறும் 4. படிப்பவன் மூன்று நிபந்தனையை ஒரே நேரத்தில் மண்டையில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் குறையைப் பார்த்துத்தான், நிரல் சோதிக்கும் கருவிகள் செய்யும் சோனார்சோர்ஸ் நிறுவனத்துக்காரர்கள் காக்னிட்டிவ் கம்ப்ளெக்சிட்டி என்று இன்னொரு அளவை வைத்தார்கள். அதில் சுவிட்ச் முழுக்கச் சேர்ந்து 1. உள்ளே உள்ளே போகும் மூன்று இஃப்புக்கு ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி மொத்தம் 6. ஆழம் போகப் போக அபராதம். உன் அப்பா சொல்லும் சிக்கு இதுதான். கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் மென்பொருளின் கடினத்தில் விஷயத்திலேயே இருப்பது ஒரு வகை, நாம் செய்யும் விதத்தால் வருவது இன்னொரு வகை என்று பிரித்தாரே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பல வருஷம் முழித்திருக்கிறேன். முடிச்சும் சிக்கும் காசிமேட்டுக் கரையில் கிடந்திருக்கிறது.

ஆகவே என் தீர்மானம். நிரல் பிரியும் இடம் முடிச்சு. மெக்கேப்பின் எண் 'வழியெண்', முடிச்சுகளோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது. 'முடிச்செண்' என்றே வைக்கலாமே என்று நேற்று ஒருவர் தனி மடலில் கேட்டார். முடிச்சு 13, எண் 14 என்று வரும்போது பையன் மறுபடி ஒன்றைக் காணவில்லை என்று தேடுவான், அதனால் வேண்டாம். காக்னிட்டிவ் அளவுக்குச் 'சிக்கெண்'. அதைக் குறைக்கும் வேலை சிக்கெடுப்பு. 'மறுசீரமைப்பு' (ரீஃபாக்டரிங்) பெரிய வேலைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

எச்சரிக்கை வரி இனி இப்படி: "ஏலம்: வழியெண் 14, வரம்பு 10". 'மிகுதி' என்ற தீர்ப்பையும் எடுத்துவிட்டேன். ஒரே நிரலுக்கு ரேடான் என்ற இன்னொரு கருவி வேறு எண் சொல்லும், அது நிபந்தனைக்குள் வரும் ஆண்ட், ஆர் ஒவ்வொன்றையும் எண்ணுகிறது, ஃபிளேக்8 எண்ணுவதில்லை. கருவிக்குக் கருவி மாறும் எண்ணை வைத்துக்கொண்டு நாம் ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்?

ஐயா, பிசிறுகாட்டியும் வழுவமைதியும் ஏற்கப்பட்டன. பத்துக் குற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் 'நின்று பயனின்மை' என்று திரையில் வந்தால் பையன்கள் என்னையே பார்ப்பார்கள். 'பயனற்ற மாறி' என்பதே அங்கே போதும். 'கூறியது கூறல்' மட்டும் வைத்துக்கொள்ளலாம், பள்ளியில் படித்த ஞாபகம் இருக்கும்.

*

பெரம்பூரிலிருந்து:

பவணந்தியாருக்குப் பத்தில் ஒன்றுதானா? சரி தம்பி. சுற்றெண்ணை அகராதியில் அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள், கணிதம் படிக்கிறவன் தேடுவான்.

*

தண்டையார்பேட்டையிலிருந்து:

நேற்று வகுப்பில் புதுச் செய்திகளோடு ஓட்டிப் பார்த்தேன். விவரம் கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பக்கத்துப் பையன். "பத்துக்குள்ள வரணும், அவ்ளோதானே சார்?" என்று செயற்கூறை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஏலம்1, ஏலம்2 என்று பெயர் வைத்துவிட்டான். எச்சரிக்கை போய்விட்டது. ஏலம்1-இல் பிறந்த ஒன்பது மாறிகளையும் ஏலம்2-க்கு வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த பெண், "சிக்கெடுக்கச் சொன்னா வலையை அறுத்துட்டான் சார்" என்றாள். அவளும் காசிமேடுதான்.

நிரல் எழுதிய பையன் கொஞ்ச நேரம் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மீன் வகைக்கு வைத்த எட்டும் வெறும் விலை தேடுவதற்குத்தான் என்பது அவனுக்கே பட்டது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று எல்லாவற்றையும், பெயரைக் கொடுத்தால் விலையைத் தரும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினான். செய்தி எதுவும் வரவில்லை. வராதது அவனுக்குத் திருப்தியாக இல்லை, எண் எத்தனை என்று பார்த்தே ஆக வேண்டும் என்றான். வரம்பை 1 என்று மாற்றி ஓட்டிக் காட்டினேன்: "ஏலம்: வழியெண் 6, வரம்பு 1".

"ஆறுன்னா அஞ்சு முடிச்சு" என்று சொல்லிவிட்டு, திரையில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு போனான். ஃபார் ஒன்று, தரம் மூன்று, ஐஸ் ஒன்று. ஐஸில் விரலை எடுக்காமல் கேட்டான்: "இத்த எடுக்க முடியாது சார். ஐஸ் இல்லாம இன்னா ஏலம்?"