ஒற்றை நத்தை முட்டை போடுமா?

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் ஒரே ஒரு தோட்டத்து நத்தை வளர்க்கிறேன். மூன்று மாதமாகத் துணையே கிடையாது. நேற்று மண்ணைக் கிளறினால் முத்து முத்தாக வெள்ளைக் கொத்து! எப்படிங்க?

பதில் 1: முட்டையேதான். தரை நத்தைகளில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள், ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். ஆனாலும் இரண்டு சேர்ந்து விந்தணுவை மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். அதை மாதக்கணக்கில் சேமித்தும் வைத்திருக்கும். உங்களுடையது வரும்போதே சரக்கோடு வந்திருக்கும்! சில இனங்கள் தன்னந்தனியாகவே கருவுறுவதும் உண்டு.

பதில் 2: திரும்ப மண்ணை மூடிவிடுங்கள், ஈரம் காயக் கூடாது. பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் பொரியும். குஞ்சு ஓட்டோடுதான் பிறக்கும், முதல் தீனியே அது வெளிவந்த முட்டையின் தோடு. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு வையுங்கள். நான் முதல் தடவை வைக்காமல் விட்டு, குஞ்சுகளின் ஓடு தொட்டாலே நொறுங்கியது. இன்னும் உறுத்துகிறது.

கேட்டவர்: நன்றி. ஆனால் தாய் மூன்று நாளாக ஓட்டுக்குள்ளேயே இருக்கு, வாயில் ஏதோ காகிதம் மாதிரி. செத்துப்போச்சா?

பதில் 1: அது காய்ந்த சளி. வறட்சி வந்தால் அப்படி அடைத்துக்கொண்டு தூங்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1846இல் அட்டையில் ஒட்டிவைத்த எகிப்தியப் பாலைவன நத்தை, 1850இல் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் எழுந்து நடந்தது. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.