உருக்குக்கு உறை குத்தலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவின் பீனியாவில் உள்ள ஒரு வார்ப்பாலையின் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நான் தமிழாக்கிவரும் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். உருகிய துருவேறா எஃகில் டைட்டானியமும் நைட்ரஜனும் கூடி டைட்டானியம் நைட்ரைடுத் துகள்கள் பிறக்கின்றன. எஃகு உறையத் தொடங்கும்போது டெல்டா ஃபெரைட் எனும் இரும்புப் படிகம் அத்துகளின் முகத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. துகள்கள் நிறைய இருந்தால் நிறைய இடங்களில் படிகம் தொடங்கி ஒன்றையொன்று முட்டி நின்றுவிடுவதால், வார்ப்பச்சின் சுவரிலிருந்து உள்நோக்கி நீளும் தூண் படிகங்களுக்குப் பதிலாகச் சிறுசிறு மணிகள் கிடைக்கின்றன. இத்துகளுக்கு ‘அணுக்கருவாக்கி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மேற்பார்வையாளர், அணு உலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். ‘உறை’ என்று மாற்றலாமா?

*

அன்புள்ள அம்மா, தாராளமாக மாற்றலாம். புறநானூறு 276ஆம் பாட்டில் ஆய்மகள் நகத்தால் தெறித்த துளி, ‘குடப்பால் சில்லுறை’ ஆகிறது. குடம் நிறைந்த பாலின் நிலையையே ஒரு துளி மாற்றிவிடுவதுபோல, ஒருவனே பகைப்படை முழுவதற்கும் நோயானான் என்பது பொருள். துகளின் வேலையும் அதுவே. ‘கசடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அலுமினா என்னும் அலுமினியம் ஆக்சைடுத் திரள் ஊற்றுக்குழாயை அடைக்கும்போது அது கசடுதான், ஆனால் வேண்டுமென்றே வரவழைக்கும் துகளைக் கசடு என்றால், வள்ளுவர் அறச் சொன்னதை நாம் சேர்க்கச் சொல்வதாக முடியும்.

*

உவமை இனிக்கிறது, இயற்பியல் புளிக்கிறது. மோரிலுள்ள நுண்ணுயிர் பெருகி, அமிலம் உண்டாக்கி, அதனால் பால் திரைகிறது. நைட்ரைடுத் துகள் பெருகுவதுமில்லை, எஃகைப் புளிக்கவைப்பதுமில்லை. அது இடம் மட்டுமே கொடுக்கிறது. அந்த இடமும் எதுவானாலும் சரி என்றில்லை. துகளின் அணு அடுக்கும் ஃபெரைட்டின் அணு அடுக்கும் எவ்வளவு நெருங்கிப் பொருந்துகின்றன என்பதை 1970இல் உலோகவியலாளர் பிராம்ஃபிட் கணக்கிட்டார். டைட்டானியம் நைட்ரைடில் பொருந்தாமை ஏறத்தாழ 3.9 விழுக்காடுதான். அதனால் உருகுநிலைக்குக் கீழே மிகச் சிறிதளவே குளிர்ந்தாலும் படிகம் தொடங்கிவிடுகிறது. ஆகவே ‘கரு’ என்பதே நேர்மையான சொல். கரு, துகள் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

*

ஐயா, சேர்த்து எழுதிப் பார்த்தேன். இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்பதால் வல்லினம் மிகுந்து ‘கருத்துகள்’ என்று நிற்கிறது. உருகிய எஃகில் கருத்துகள் மிதக்கின்றன என்று நான் எழுதினால், இக்குழுவைப் பற்றி எழுதியதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

*

இலக்கணம் பேசத் தொடங்கியதால் ஒன்று சொல்கிறேன். ‘உறைதுகள்’ என்று ஒற்றில்லாமல் அச்சானால் அது வினைத்தொகையாகி, துகளே உறைகிறது என்று பொருள்படும். நம் கதையே அது ஏற்கெனவே திண்மமாக இருப்பதில்தான் இருக்கிறது. ‘உறைத்துகள்’ என்றால் உறையாகிய துகள். ஒரு தகரத்தில் முழு உலோகவியலும் தொங்குவதால் மெய்ப்புத் திருத்துபவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். கோயம்புத்தூர் வார்ப்பாலைகளிலிருந்து வந்தவர்களுக்கு வார்ப்பிரும்பில் இதே போலக் கரு உண்டாக ஃபெரோசிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையைப் போடுவது ‘இனாகுலேஷன்’ என்றே பழகியிருக்கும். அதையும் முதல் இடத்தில் ஒருமுறை குறிப்பிடுவது நல்லது.

*

எல்லோருக்கும் நன்றி. இதுவரை ஐவர் ‘உறைத்துகள்’ என்றும், இருவர் ‘கரு’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ‘மணி’ என்பதை ‘பரல்’ ஆக்கச் சொல்லித் தனிமடல் அனுப்பியிருக்கிறார், அதற்கு இப்போது நேரமில்லை. ‘உறைத்துகள்’ என்றே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. என் எதிர்ப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் பாதுகாப்பு பற்றிய பக்கமும் இருக்கும் அல்லவா? அங்கே கையுறை, முகவுறை, காலுறை என்று மூன்று உறைகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.