மோரிஸ் ஆட்டம்: மணிப்பட்டை நழுவுது, கம்பு பிளக்குது

கேள்வி (வெள்ளைச்சட்டை):
இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டமான காட்ஸ்வோல்ட்ஸ் மோரிஸ், ஆக்ஸ்ஃபர்டு பக்கத்து ஹெடிங்டன் குவாரி ஊரின் மரபு. மூன்று மூன்றாக இரண்டு வரிசை, மொத்தம் ஆறு பேர். எலாஸ்டிக்கில் தைத்த மணிப்பட்டை நாலு துள்ளலிலேயே கணுக்காலுக்கு இறங்கிவிடுகிறது. சத்தமும் 'ஜல்' என்று விழாமல் சளசளக்கிறது. ஆட்டத்தில் மோதிக்கொள்ளும் ஹேசல் மரக் கம்பு இரண்டு நீளவாக்கில் பிளந்துவிட்டன. மே 1 விடியற்காலை ஆடணும். தப்பு எங்கே?

தோல்வார்:
முதலில் எலாஸ்டிக்கைக் கழற்றுங்கள். வியர்வை பட்டால் தொய்ந்துவிடும். தோல் வாரும் பக்கிளும்தான் நிற்கும். நம்ம சலங்கை கணுக்காலைச் சுற்றிக் கட்டுவது. இது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் உட்காரணும். மேல் வாரை மூட்டுக்கும் கெண்டைச்சதைப் புடைப்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கட்டுங்கள். புடைப்பின் மேலேயே கட்டினால், சதை இறுகித் தளரும்போதெல்லாம் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எவ்வளவு இறுக்கினாலும் சரி.

பட்டைக்கு 2 மி.மீ. தோல் போதும். நெடுக்காக 4 கீற்று, கீற்றுக்கு 4 மணி, ஆக ஒரு காலுக்கு 16. மணியின் காதை நூலால் தைக்காதீர்கள், உலோகம் அறுத்துவிடும். தோலில் சின்னக் கீறல் போட்டு, காதைப் பின்பக்கம் தள்ளி, அதற்குள் மெல்லிய தோல் கயிறு கோருங்கள். கீற்றுக்கு ஒரு தனிக் கயிறு. ஒரே கயிறாகப் போட்டு நடு ஆட்டத்தில் அறுந்தால் பதினாறும் புல்லில் கிடக்கும். மணிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் நாதம் அடைத்துப்போகும்.

கான்சர்ட்டினா:
சளசளப்புக்குக் காரணம் பட்டை மட்டுமில்லை, அடிவைப்பும்தான். இடது-வலது-இடது-எம்பு, பிறகு வலது-இடது-வலது-எம்பு. முன்பாதத்தில் இறங்கணும். பாதம் தரையில் இழுபட்டால் தாளத்துக்கு நடுவில் மணி சிதறும். இசையே இல்லாமல் ஆறு பேரும் 16 தாளம் ஆடிப் பாருங்கள். பன்னிரண்டு காலும் ஒரே மணியாகக் கேட்கிற வரைக்கும் வேகம் கூட்ட வேண்டாம்.

பதிவு செய்த இசைக்கு ஆடவே ஆடாதீர்கள். துள்ளல் எவ்வளவு உயரமோ அதற்கேற்ப வாசிப்பவர் காத்திருக்கணும், இயந்திரம் காத்திருக்காது. 1899 டிசம்பர் 26 அன்று, பிறகு நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் சேகரித்த செசில் ஷார்ப் பார்த்தது இதே குவாரிக் குழுவைத்தான். கான்சர்ட்டினா (கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் துருத்தி வாத்தியம்) வாசித்தவர் வில்லியம் கிம்பர். அவரே ஆட்டக்காரரும்கூட. அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள், எம்பும் இடத்தில் இசையும் சேர்ந்து எம்பும்.

ஹேசல்:
கம்பைக் குளிர்காலத்தில், இலை உதிர்ந்த பிறகு வெட்டணும். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். பட்டையை உரிக்காமல், நுனிகளில் மெழுகு தடவி, நிழலில் சில மாதம் காயட்டும். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் முனை சீக்கிரம் காய்ந்து சுருங்கும், நடுவில் ஈரம் நிற்கும். உங்கள் கம்பு நீளவாக்கில் பிளந்தது பெரும்பாலும் இதனால்தான். ரொம்ப வருஷம் காய்ந்ததும் ஆபத்து, முறிந்து சில்லு பார்வையாளர் மேல் பறக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கல்தரையில் தட்டுங்கள்: 'டிங்' என்றால் நல்ல கம்பு, 'தொப்' என்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போடுங்கள்.

கோலாட்டக் கழி மாதிரி லேசாகத் தட்டுவதில்லை இது, முழுக் கை வீச்சு. அதனால் மேல் நாலு விரற்கடையில் மட்டும் மோதணும். நடுவில் மோதினால் கம்பும் போகும், விரல் மொளியும் போகும். 'பீன் செட்டிங்' ஆட்டத்தில் குனிந்து தரையில் குத்தும்போது அடிமுனையை நேராக இறக்குங்கள், சாய்த்துக் குத்தினால் முனை பிசிறடிக்கும்.

மே விடியலில் புல் பனியில் நனைந்திருக்கும். கம்பில்லாத ஆட்டங்களில் வீசும் கைக்குட்டை ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். நனைந்தது காற்றில் விரியாது.