மறு: மோஷன் பிளர்: 'இயக்க மங்கல்' போதுமா?

> மோஷன் பிளருக்கு 'இயக்க மங்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம். புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

'மங்கல்' என்றால் எனக்குக் கண்புரை விழுந்தவரின் பார்வைதான் நினைவுக்கு வருகிறது. ஃபோகஸ் தவறிய படமும் மங்கல், கை நடுங்கி எடுத்ததும் மங்கல். மோஷன் பிளர் என்பது ஷட்டர் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, அதாவது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து, அசைவது இழுபட்டுத் தெரியும்படி எடுப்பது. அதையும் அப்படியே சொன்னால் பிழைக்கும் கலைக்கும் பேதம் இல்லாமல் போய்விடும்.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் ஒரே காவடியை இரண்டு விதமாக எடுத்தேன். 1/1000 நொடியில் மயிற்பீலியின் ஒவ்வோர் இழையும் துல்லியம், தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் ஆட்டம் இல்லை, காவடி எடுத்தவர் கொலு பொம்மை மாதிரி இருந்தார். அப்புறம் ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்கு இறக்கினேன். (வெயில் ஏறிவிட்டதால் லென்சுக்கு முன் கறுப்பு ஃபில்டர் மாட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் படம் வெளுத்துப்போகும்.) பத்துப் பதினைந்து படம் வீணானபின் ஒன்று வாய்த்தது. அவர் சட்டென நின்றதில் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. பீலியும், பக்கத்தில் உறுமி அடிப்பவரின் கையும் நிறம் நிறமாக இழுபட்டிருக்கின்றன. அருள் வந்த வேகம் இதில்தான் தெரிந்தது.

அந்த இழுபட்ட நிறம், சுவரில் சுண்ணாம்பைத் தீற்றியதுபோல் இருந்தது. ஆகவே என் பரிந்துரை: அசைவுத்தீற்றல். கை ஆடியதற்கு 'நடுக்கம்' போதும். 'மங்கல்' ஃபோகஸுக்கே இருக்கட்டும்.

எல்லா இடத்திலும் தீற்றல் எடுபடாது என்பதும் உண்மை. சிதறுதேங்காயை 1/15-இல் எடுத்தால் வெறும் வெள்ளைக் கீற்றுதான் மிஞ்சும்.

> 'தூரிகைத் தீற்றல்' என்று ஓவியர்கள் சொல்கிறார்களே, தம்பி. குழப்பாதா?

ஓவியர்களின் சொல் என்பதால்தான் பிடித்தது, அக்கா. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அசையும் பொருள் தன் நிறத்தைத் தானே சென்சரில் பூசிக்கொண்டு போகிறது. முன்னால் 'அசைவு' நிற்பதால் குழப்பம் வராது. 'ஷட்டர்' என்பதில் நான் கைவைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் யாரும் வேறு சொல்லிக் கேட்டதில்லை.

பானிங்குக்குத்தான் சொல் அகப்படவில்லை. லிட்டில் இந்தியாவில் ஓடும் மோட்டார் சைக்கிளோடு கேமராவையும் திருப்பினால், வண்டி தெளிவாக நிற்கும், கடைகள் தீற்றலாகிவிடும். 'உடன்திருப்பல்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?