ஞாயிறு அம்மாவுக்கு, திங்கள் எனக்கு

கொரோனா ஊரடங்குன்னா எல்லாரும் 2020-ஐப் பத்தியே எழுதிட்டிருக்கீங்க. எங்க வீட்டை உக்கார வெச்சது 2022 ஜனவரி.

அம்மா காசிமேட்டுல மீன் வெட்டுறாங்க. கிலோ கணக்குல கூலி. வார நாள்ல வர்றது கைச்செலவுக்கு, ஞாயித்துக்கிழமை கூட்டம்தான் வருமானம். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில காண்ட்ராக்ட் ஆளு. திருவொற்றியூர்ல ரயில் ஏறுவேன்.

2020-ல ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் அரிசியும் வந்தது, மிச்சத்துக்குத் தண்டல், அதாவது ஆள் வந்து தினக்கணக்குல வசூல் பண்ற கடன். ஆகஸ்ட் வரைக்கும் தவணை கட்ட வேணாம்னு ரிசர்வ் வங்கி விட்டது பேங்க், பைனான்ஸ் கடனுக்கு. தண்டல்காரர் நோட்டுல அப்படி ஒரு பக்கமே கிடையாது. (மாஸ்க் மட்டும் ஒழுங்கா போட்டுட்டு வருவாரு.)

கொரோனா தடுப்பூசி வந்தப்ப அம்மா மாட்டேன்னுட்டாங்க. வதந்திக்குப் பயந்து இல்ல. "ஜொரம் வந்து ரெண்டு நாளு படுத்தா தண்டலு நீ கட்றியா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காங்களோட முகாமுக்குப் போய் ரெண்டு டோஸும் போட்டுக்கிட்டாங்க. சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் பண்ணாங்க. உள்ள ஒரு மீன் செதில் மாட்டிக்கிச்சு, இன்னிக்கும் மினுமினுன்னு இருக்கு.

அவங்களுக்குப் புத்தி சொன்ன நான்? 2021 செப்டம்பர் 12 மெகா தடுப்பூசி முகாம்ல முதல் டோஸ். ரெண்டு டோஸுக்கு நடுவுல 84 நாள்ங்கிற கணக்குல டிசம்பர் 5-லயே அடுத்ததைப் போட்டிருக்கலாம். முதல் ஊசிக்கே ஒரு நாள் கூலி போச்சேன்னு, பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

ஜனவரி 9 ஞாயிறு முழு ஊரடங்கு, அம்மா வீட்டுல. மறுநாள்ல இருந்து ரெண்டு டோஸ் சர்டிபிகேட் இருந்தாதான் மின்சார ரயில். கவுண்டர்லயே திருப்பிட்டாங்க. பஸ் மாறி மாறிப் போனா ஷிப்ட் தொடங்கியாச்சு, கேட்டோட அனுப்பிட்டாங்க. அன்னிக்கே போய் ஊசி போட்டேன். ராத்திரி காய்ச்சல், செவ்வாயும் போச்சு. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ரெண்டு நாள்!

16-ம் தேதி காணும் பொங்கல் ஞாயித்துக்கிழமையில விழுந்து அதுவும் ஊரடங்கு. 23-ம் அப்படியே. தண்டல்காரர் மட்டும் ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்துத் திங்களன்னிக்கு வாங்கிட்டுப் போனாரு.

ஊசி நல்லதுதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. போட்ட மறுநாள் கூலிக்கு யாராவது பொறுப்பேத்திருந்தா நாங்க ரெண்டு பேரும் முதல் வரிசையில நின்னிருப்போம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பதில்:

தம்பி, நான் எம்.சி. ரோட்டுல துணிக்கடையில நிக்கிறேன். எங்க முதலாளி மறுநாள் சம்பளத்தோட லீவு குடுத்தாரு. வியாபாரமே இல்லாத கடையில லீவு குடுக்க என்ன கஷ்டம்? 2020 ரம்ஜான் அப்படியே போச்சு. 2021-ல பெருநாள் மே 14, பத்தாம் தேதி முழு ஊரடங்கு, அதுக்கு முன்னாடியே ஷட்டரை இறக்கச் சொல்லிட்டாங்க. கடைசிப் பத்து நாள்தான் எங்களுக்கு வியாபாரமே. அந்த வருஷத்துச் சுடிதார் கட்டு ரெண்டு இன்னும் பரண்ல கிடக்கு. டிசைன் பழசுன்னு யாரும் தொடறதில்ல.