விஎன்சி சர்வரை அவரவரே தொடங்கி நிறுத்துவதா, சிஸ்டம்டியிடம் விடுவதா?

லேப்குமரன்:
வணக்கம். எங்கள் கல்லூரி லேபில் இருப்பது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். முப்பது மாணவர்கள் டைகர்விஎன்சி வழியாக, அதாவது சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைத் தங்கள் கணினித் திரையில் காட்டும் விஎன்சி மென்பொருள் வழியாக, அதில் வேலை செய்கிறார்கள். எஸ்எஸ்எச்-இல் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் பாதுகாப்பான இணைப்பு) நுழைந்து ‘விஎன்சிசர்வர் :3’ என்று தட்டினால் டெஸ்க்டாப் தொடங்கும், ‘விஎன்சிசர்வர் -கில் :3’ என்று தட்டினால் நிற்கும். ஆளுக்கு ஒரு டிஸ்ப்ளே எண் கொடுத்திருக்கிறேன். தொடங்குவதை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். நிறுத்துவதைத்தான் யாரும் செய்வதில்லை. டெஸ்க்டாப்பைக் காட்டும் வியூவர் ஜன்னலை மூடினாலே எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேற்றுக் காலை எண்ணிப் பார்த்தால் முப்பது பேருக்கு 41 டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருந்தது, மெமரி விளிம்பில் நின்றது. எல்லாவற்றையும் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சர்வீஸாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பழைய_டெர்மினல்:
வேண்டாம் சார். சர்வீஸாக்கிவிட்டால் தொடங்கவும் நிறுத்தவும் ரூட் உரிமை (நிர்வாகி உரிமை) வேண்டும். ஒரு மாணவனின் டெஸ்க்டாப் உறைந்துபோனால் அவன் உங்களைத் தேடி வர வேண்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை லேபில் இருப்பீர்களா?

வியூவரை மூடினால் சர்வர் நிற்காதது கோளாறு இல்லை. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் விஎன்சியை உருவாக்கியவர்களின் எண்ணமே அதுதான். ஓரிடத்தில் எழுந்து போய் இன்னோரிடத்தில் உட்கார்ந்தால், கர்சர் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். அதனால்தான் வியூவரிடம் எதுவும் தங்குவதில்லை, எல்லாம் சர்வர் பக்கம் இருக்கிறது. இதை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

சர்வர்க்காரி:
சொல்லிக்கொடுத்துப் பார்த்தவள் நான். இரண்டு வருடம் இதே ஏற்பாட்டில் இருந்தோம். 30 பேருக்கு 41 எப்படி வந்தது என்று குமரன் சார் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒருவரின் திரை உறைகிறது. ‘-கில்’ நினைவுக்கு வராமல், பிராசஸை அந்த நொடியே கொல்லும் ‘கில் -9’ போட்டுவிடுகிறார். டெஸ்க்டாப்பை ஓட்டும் எக்ஸ்விஎன்சி பிராசஸ் செத்துவிடும், ஆனால் டெம்ப் கோப்புறையில் ‘.எக்ஸ்3-லாக்’ என்ற லாக் கோப்பு, அதாவது இந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது என்ற அடையாளம், அப்படியே கிடக்கும். மறுபடி ‘விஎன்சிசர்வர் :3’ என்றால், அந்த எண்ணில் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்கிறது. எண்ணே கொடுக்காமல் தட்டுகிறார். அது காலியாக இருக்கும் அடுத்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அது இன்னொருவருக்கு ஒதுக்கிய எண். காலையில் அந்த இன்னொருவர் வந்து இதையே செய்கிறார். எண் கொடுக்காமல் தட்டும் பழக்கம் வந்துவிட்டால், பழையது நிற்காமலே புதிது ஒன்று கூடுகிறது.

இன்னொன்றும் பட்டிருக்கிறேன். ‘-கில்’ எந்தப் பிராசஸை நிறுத்த வேண்டும் என்பதை, பயனரின் ஹோம் டைரக்டரியில் கணினிப் பெயரோடு சேர்த்து எழுதிவைத்த பிஐடி (பிராசஸ் எண்) கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. நடுவில் நாங்கள் கணினியின் பெயரை மாற்றினோம். அன்று ஓடிக்கொண்டிருந்த எதையும் ‘-கில்’ போட்டு நிறுத்த முடியவில்லை, கோப்பைக் காணோம் என்றது. எல்லாவற்றையும், ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ போட்டு ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்தினேன்.

டைகர்விஎன்சிகாரர்களே 2020-இல் வந்த 1.11 பதிப்பில் சிஸ்டம்டி பக்கம் மாறிவிட்டார்கள். பயனர் பட்டியல் கோப்பில் ‘:3=’ என்று எழுதிப் பக்கத்தில் மாணவரின் பெயர். அப்புறம் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் விஎன்சிசர்வர்@:3’. எண் யாருக்கும் மாறிப்போகாது.

பழைய_டெர்மினல்:
அம்மா, நீங்கள் சொன்ன முதல் கதை முழுக்க ‘-9’ செய்த வேலை. வெறும் ‘கில்’ போட்டிருந்தால் எக்ஸ்விஎன்சி தன் லாக் கோப்பைத் தானே துடைத்துவிட்டுப் போயிருக்கும். சர்வீஸாக்கினால் மெஷின் பூட் ஆனதும் முப்பது டெஸ்க்டாப்பும் எழுந்து நிற்கும். மெமரி போதவில்லை என்றுதானே குமரன் சார் இதை ஆரம்பித்தார்?

சர்வர்க்காரி:
‘ஸ்டார்ட்’ வேறு, ‘எனேபிள்’ வேறு ஐயா. எனேபிள் செய்தால்தான் பூட்டில் எழும். நாங்கள் ஒருவருக்கும் எனேபிள் செய்வதில்லை. ரூட் உரிமைக்கும் வழி இருக்கிறது. யார் எந்தக் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் ஆளுக்கு அவரவர் எண்ணின் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டை மட்டும் அனுமதித்தால் போதும்.

ஆய்வு_மாணவி:
நான் நிர்வாகி இல்லை, முன்பு இதே மாதிரி ஒரு சர்வரில் வேலை செய்தவள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கிருந்த பொறுப்பாளர், யாரும் இணைப்பில் இல்லை என்று பார்த்துவிட்டு எல்லா டெஸ்க்டாப்பையும் நிறுத்தினார். நான் வியூவரை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே என் சிமுலேஷன் மூன்றாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது இடைக்கோப்புகூட மிஞ்சவில்லை. அன்று அழுதேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சர்வீஸோ கையோ, எப்படி நிறுத்தினாலும் டெஸ்க்டாப்புக்குள் திறந்திருப்பதெல்லாம் போய்விடும். வியூவர் வந்து இணையும் 5903 போர்ட்டில் இணைப்பு இல்லை என்பதால் உள்ளே வேலை நடக்கவில்லை என்று ஆகாது. நிறுத்துவதற்கு முன் ‘பிஎஸ் -யூ’ போட்டு அந்தப் பயனரின் பிராசஸ்களைப் பாருங்கள், சிபியு நேரத்தைப் பாருங்கள், ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவர்களும் நீண்ட வேலைகளை டெஸ்க்டாப்பின் ஜன்னலுக்குள் ஓட்டாமல், எஸ்எஸ்எச்-இல் நுழைந்து டிமக்ஸில் (இணைப்பு போனாலும் உள்ளே ஓடுவதைத் தொடரவிடும் நிரல்) ஓட்டலாம். டெஸ்க்டாப் போனாலும் அது ஓடும். இதை எனக்கு யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

கதவுக்காவல்:
யார் நிறுத்துவது என்று பேசுகிறோம், நிறுத்தாமல் கிடக்கும் 41 சர்வரும் எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ போட்டுப் பாருங்கள். 5900-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டினால் போர்ட் எண். அதன் முன்னால் 127.0.0.1 (லோக்கல்ஹோஸ்ட், அதாவது அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும்) இருந்தால் சரி. 0.0.0.0 அல்லது நட்சத்திரக் குறி இருந்தால், நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் தட்டிப் பார்க்கலாம். விஎன்சியின் வழக்கமான பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துதான் கணக்கு. இருபது எழுத்து வைத்தாலும் எட்டுக்கு மேல் பார்ப்பதில்லை.

லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கும்படி தொடங்கி, ‘எஸ்எஸ்எச் -எல் 5903:லோக்கல்ஹோஸ்ட்:5903’ என்று சுரங்கம் போட்டு வரச் சொல்லுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சர்வீஸ் பக்கம். கையால் தொடங்கும்போது ‘-லோக்கல்ஹோஸ்ட்’ போட ஒருவர் மறந்தால் போதும். சர்வீஸில் கட்டாய அமைப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. அதில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஒரு வரி எழுதினால், மாணவர் தன் கோப்பில் என்ன எழுதினாலும் அதை மீற முடியாது.

பழைய_டெர்மினல்:
கட்டாயக் கோப்பு நல்ல விஷயம், அதை ஏற்கிறேன். முப்பது பேருக்குச் சூடோயர்ஸ் வரி எழுதுவதை ஏற்கமாட்டேன். அதில் ஒரு நட்சத்திரக் குறியைத் தவறாக வைத்தால், ஒருவர் இன்னொருவரின் டெஸ்க்டாப்பை நிறுத்த முடியும். இந்த மாணவி சொன்னது மறுபடி நடக்கும், இந்த முறை சக மாணவர் கையால்.

லேப்குமரன்:
போட்டுப் பார்த்தேன். 41-இல் 38, 0.0.0.0. தூக்கிவாரிப் போட்டது.

இன்றைக்கு ஃபயர்வாலில் 5901 முதல் 5941 வரை மூடிவிட்டேன், எல்லோரையும் சுரங்கம் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். எதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும் என்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்து உரியவருக்கு அனுப்பியிருக்கிறேன், புதன் வரை நேரம். பதில் வந்ததும் பத்துப் பேரை மட்டும் முதலில் சர்வீஸுக்கு மாற்றுகிறேன். சூடோயர்ஸில் நட்சத்திரமே இல்லாமல், ஆளுக்கு முழுக் கட்டளையாக இரண்டு வரி எழுதப் போகிறேன். பழைய_டெர்மினல் சார், எழுதியதும் இங்கே போடுகிறேன், ஒரு கண் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய_டெர்மினல்:
போடுங்கள். பார்க்கிறேன்.